பத்தாயிரத்து ஒன்பது வளையல்

முத்துப்பேச்சி ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்தது இது. புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு ரோல் ஒரு கட்டு. சாயங்காலத்துக்குள் நூறு கட்டு அடுக்கிவிட வேண்டும். அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எண்ணத் தெரியாமல் இல்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே நினைப்பு வீட்டுக்கு ஓடிவிடும். திரும்பி வந்து பார்த்தால் எண்ணிக்கை எந்த இடத்தில் நின்றது என்று பிடிபடாது.

அன்றைக்குச் சூப்பர்வைசர் வருகிற நேரத்தில் அவள் மேஜையில் இருந்தது தொண்ணூற்றொன்பது. அது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேஜைச் சந்தனம் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. செருப்பைத் தேடிக் குனிகிறவர் மாதிரிக் குனிந்து, தன் அடுக்கிலிருந்து ஒரு கட்டை அவள் அடுக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டார். சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்தார். அவளுக்கு நூறு, அவருக்கு ஒன்று குறைவு.

“என்ன சந்தனம், நீரே தப்பா எண்ணுதீரா?”

“ஆமா சார். தப்பிட்டு.”

எண்ணிக்கையில் ஒருநாளும் தப்பாத மனுஷன் நாலு பேர் முன்னால் தப்பிவிட்டதாக ஒத்துக்கொண்டார். முத்துப்பேச்சிக்கு இது தெரியவந்தது ஒரு வருஷம் கழித்து, அதுவும் வேறொருத்தி சொல்லித்தான்.

அப்பேர்ப்பட்டவர் மேல், பிறகு வந்த பதினோரு வருஷமும் அவளுக்கு எரிச்சல் எரிச்சலாகத்தான் வந்தது. இரண்டும் உண்மை.

சந்தனம் பிறந்தது வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆறாவது படிக்கும்போது ஒரு வாத்தியார் எண்களை உடைக்கச் சொல்லிக் கொடுத்தாராம். பன்னிரண்டை உடைத்தால் இரண்டு, இரண்டு, மூன்று. முப்பதை உடைத்தால் இரண்டு, மூன்று, ஐந்து. சில எண் மட்டும் எந்தப் பக்கம் தட்டினாலும் உடையாது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது, அதற்குப் பெயர் பகா எண் என்று அவர் சொன்னார். வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளும் பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனார்கள். இவர் மட்டும் மறக்கவில்லை. பதினெட்டு வயசில் கம்பெனிக்கு வந்தார். கல்யாணம் செய்தார், ஒரு மகனை வளர்த்தார், பெண்சாதியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். பீடி கிடையாது, குடி கிடையாது. இது ஒன்றுதான். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், எங்கே ஒரு எண்ணைப் பார்த்தாலும் நின்றுவிடுவார்.

“இது உடையுமான்னு பாப்பம்.”

ரேஷன் கடை டோக்கன், கரண்டு மீட்டர், மாத்திரை அட்டையில் பொடிசாக அச்சடித்திருக்கிற நம்பர், எதுவும் தப்பாது. பஸ் வந்து நிற்கும். அவர் பஸ்ஸின் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பஸ் போய்விடும். கூட நின்ற பாவத்துக்கு முத்துப்பேச்சியும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

ஒரு தடவை கம்பெனியில் ஒரு ஆர்டருக்கு ஆயிரத்து ஒன்பது ரோல் மிஞ்சியது. லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. இவர் பெட்டி மூடியைக் கிழித்து வைத்துக்கொண்டு வகுக்கிறார். பன்னிரண்டாகப் போட்டாலும் மிச்சம், பதினெட்டாகப் போட்டாலும் மிச்சம்.

“சார், இது எந்தப் பெட்டியிலயும் சரியா அடையாது. உடையாத எண்ணு.”

“ஒன்னத் தூக்கி வெளிய வையும்யா. லாரிக்காரன் போவணும்.”

அவர் ஒன்றைத் தூக்கி வெளியே வைத்தார். அந்த ஒரு ரோலை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சிக்கு அந்த ரோலை எடுத்து அவர் வாயிலேயே சுற்றிவிடலாமா என்றிருந்தது.

இனிப் போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு வருவோம்.

தெரு அம்மனுக்கு ஆடிப்பூரத்தன்று வளையல் சாத்துவார்கள். பத்தாயிரத்து எட்டுக் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும். தெருவில் எழுபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு சுமங்கலி, ஆளுக்கு நூற்று முப்பத்தொன்பது. மஞ்சள் தடவிய நூலில் கோத்து, கோவில் வாசலில் நின்று பூசாரி கையில் கொடுக்க வேண்டும். முத்துப்பேச்சி வீட்டையும் சேர்த்தால் எழுபத்துமூன்று வீடு. சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் முன்னின்று நடத்துகிறவள் அன்னத்தாய். சந்தனத்துக்குச் சித்தப்பா மகள். மோசமானவள் இல்லை, ஆனால் சட்டம் என்றால் சட்டம். ஒரு வருஷம் யாரோ ஒருத்தி நாலு வளையல் கூட்டிக் கோத்து, அவள் மாலை மட்டும் அம்மன் இடுப்புக்குக் கீழே இறங்கி, அதில் வந்த சண்டை தை மாதம் வரைக்கும் ஓடியது. அதிலிருந்து அன்னத்தாய் வைத்ததுதான் சட்டம். நூற்று முப்பத்தொன்பதுக்கு மேலே ஒன்று கூடாது, கீழே ஒன்று கூடாது. கூடையில் விழுந்த வளையல் அம்மனுடையது. திருப்பி எடுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, கூடையில் மிச்சமும் இருக்கக் கூடாது.

முத்துப்பேச்சிக்கு அந்த வருஷம் ஒரு நேர்ச்சை இருந்தது. அவள் மகள் மாரிசெல்வியை ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஆறு வருஷமாக வயிறு திறக்கவில்லை. ஒரு பிள்ளையைக் கொடு தாயே, உன் வளையல் சாத்துக்கு என் கையாலேயே வளையல் தாரேன் என்று முத்துப்பேச்சி அம்மன் முன்னால் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஆடியில் மாரிசெல்விக்கு ஏழு மாதம். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். இவள் பங்குதான் நிற்கிறது.

அன்னத்தாயிடம் கேட்டாள்.

“அதுக்கில்ல முத்துப்பேச்சி. வளையல் விசயம். நாளைக்கு எவளுக்காவது ஒன்னுன்னா என்னையத்தான் பேசுவாளுக. நீ வேணும்னா சீவில்லிபுத்தூர்ல போயி வளையல எடுத்துட்டு வந்துரு. அன்னைக்குக் காப்பியும் நீயே போட்டுரு.”

தூக்கிக்கொண்டு வரலாம், கோக்கக் கூடாது. முத்துப்பேச்சி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் அவளும் சந்தனமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். மறுநாள் தேர். தெருவெல்லாம் ஜனம். வளையல் கடைக்காரர் எண்ணூற்று முப்பத்துநாலு டஜன் எண்ணிக் கொடுத்தார். உடைசலுக்கு என்று நாலு வளையல் கூடப் போட்டார். சந்தனம் கம்பெனியிலிருந்து கொண்டுபோன கழிவுப் பஞ்சை இடையிடையே அடைத்து, ஆறு அட்டைப்பெட்டியில் கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றினார்.

வருகிற வழியில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“அண்ணாச்சி, அன்னத்தாய் உங்க தங்கச்சிதான. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. என் நேர்ச்சை ஒங்களுக்குத் தெரியும். ஒரு மாலை வேண்டாம். ஒரே ஒரு வளையலாவது என் கையால குடுத்துட்டா எனக்குப் போதும்.”

சந்தனம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“தாயி, பத்தாயிரத்து எட்டு நல்லா உடையிற எண்ணு. ரெண்டால போவும், மூணால போவும், எட்டு, ஒம்பது, எழுபத்திரண்டு, எதாலயும் போவும். ஆனா அதுக்கு இந்தப் பக்கம் ஏழு இருக்கு பாரு, அது உடையாது. அந்தப் பக்கம் ஒம்பது. அதுவும் உடையாது. நேத்துப் போட்டுப் பாத்துட்டேன்.”

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீக.”

“எல்லா எண்ணாலயும் வகுக்க வேண்டாம். நூறுக்கு நூறு பத்தாயிரம். நூறுக்கு மேல ஒருத்தன் வகுத்தான்னா அவனுக்கு ஜோடி நூறுக்குக் கீழதான இருப்பான். அவனத்தான் முன்னமே பாத்தாச்சே. நூறு வரைக்கும் உடையாத எண்ணு இருபத்தஞ்சுதான். இருபத்தஞ்சு தடவ வகுத்தாப் போதும்.”

முத்துப்பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஜபாளையம் வருகிற வரைக்கும் அவர் பேசினதில் ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு ஆள் இவ்வளவு நல்லவராகவும் இவ்வளவு உதவாதவராகவும் எப்படி இருக்க முடியும் என்று அம்மனைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மதியம் கோவில் தகரக் கொட்டகையில் எழுபத்திரண்டு பேரும் உட்கார்ந்தாயிற்று. ஆறு மணிக்குப் பூஜை. சந்தனம் பெட்டிகளைப் பிரித்து, பெரிய கூடைகளில் கொட்டி, ஆளுக்கு ஒரு குவியலாக எண்ணி வைத்தார். கடைசிக் குவியலில் நூற்று முப்பத்தெட்டு. ஆட்டோ குலுக்கலில் ஐந்து உடைந்திருந்தது. நாலுக்குக் கடைக்காரர் கொடுத்தது ஈடாயிற்று. ஒன்று குறைகிறது.

“பத்தாயிரத்து ஏழு,” என்றார் சந்தனம். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. மூலையில் காப்பி கேனோடு நின்ற முத்துப்பேச்சி அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

கடைசிக் குவியலுக்குரியவள் குவியலைத் தள்ளி வைத்தாள். “கொறை மாலை என் கையால வேண்டாம். பிள்ளைக பள்ளிக்கூடம் போற வீடு.”

அடுத்தவளும் வேண்டாம் என்றாள். அதற்கு அடுத்தவள் கேட்கும் முன்னே கையை இழுத்துக்கொண்டாள்.

“ஆளக் கூட்டிக் கொறச்சு வச்சுப் பாருங்கண்ணே,” என்றாள் அன்னத்தாய். “எழுபத்தொரு பேரு கோத்தா?”

“பாப்பம்.”

பெட்டி மூடியைக் கிழித்தார், பேனாவை எடுத்தார். மூன்று. ஐந்து. ஏழு. பதினொன்று. ஒவ்வொன்றாக வகுத்து, மிச்சத்தை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கொட்டகைத் தகரம் காய்ந்து கொதித்தது. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். ஒருத்தி போனை எடுத்துத் தட்டினாள்.

“அண்ணாச்சி, இதுல போட்டா ஒரு நொடியில வரும்.”

“அது புள்ளி வச்சுல்லா காட்டுது தாயி. வளையலப் புள்ளி வச்சுக் கோக்க முடியுமா?”

“இருபத்துமூணுல போட்டா என்ன வருது அண்ணாச்சி?” என்று ஒருத்தி வம்புக்குக் கேட்டாள்.

“மிச்சம் ரெண்டு. இருபத்தொம்பதுல போட்டாலும் மிச்சம் ரெண்டேதான். அழகா இல்ல?”

“ரொம்ப அழகா இருக்கு. நான் வீட்டுக்குப் போயி அரிசி ஊறப்போட்டுட்டு வந்துருதேன்.”

முக்கால் மணி நேரம் போனது. தொண்ணூற்றேழும் ஆகி, பதினாறு மிச்சம் என்று கடைசி வட்டத்தைப் போட்டார். “உடையாது அன்னம். ஒருத்தரே கோத்தா உண்டு. இல்ல, பத்தாயிரத்து ஏழு பேரு ஆளுக்கு ஒன்னு கோக்கணும்.”

“ஒரு வளையல் வாங்கிட்டு வந்தாத் தீந்துபோற விசயத்துக்கு இம்புட்டுக் கணக்கா? எந்திரிச்சுப் போங்கண்ணே.”

போனார். தெருமுனை வளையல் கடைக்குப் போய்விட்டு வந்து, நேராகக் கூடைக்குப் போய் வளையலைப் போட்டார். கணீர் கணீர் என்று இரண்டு சத்தம் கேட்டது.

“ரெண்டாண்ணே போட்டீக?”

“வளையல் ஜோடியாத்தான வாங்குறது.”

அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. ஒற்றை வளையல் வீட்டுக்கு ஆகாது என்று எல்லோர் தாயும் சொல்லி வளர்த்ததுதான். “ஆமா, ஒத்தையா எவ வாங்குவா,” என்று அன்னத்தாயே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “அப்ப இப்ப ஒன்னு கூடிட்டா?”

“பத்தாயிரத்து ஒம்பது,” என்றார் சந்தனம். பெட்டி மூடியைத் திருப்பி மறுபக்கம் எடுத்தார். “உடையுமான்னு பாப்பம்.”

மூன்றால் வகுத்தார். மிச்சம் ஒன்று. ஏழால் வகுத்தார். மிச்சம் ஆறு. மணி நாலரை. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. ஒரு அவசரமும் இல்லாமல், திருநீறு பூசுகிற நிதானத்தில் வட்டம் போட்டுக்கொண்டே போனார். நாற்பத்தேழுக்கு வரும்போது முத்துப்பேச்சியால் தாங்க முடியவில்லை. கேனைத் தரையில் வைத்துவிட்டு வந்து அந்த அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“நிறுத்துங்க அண்ணாச்சி. ஆறு மணிக்குப் பூசை. எழுபத்திரண்டு பொம்பளைகள வெயில்ல காயப்போட்டுட்டு ஒத்த வளையலுக்கு நீங்க எழுதிக்கிட்டே இருக்கீக. உங்களுக்கு மனுசங்க கண்ணுல தெரிவாகளா, மாட்டாகளா?”

அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. விசிறிக்கொண்டிருந்த முந்தானைகள் அப்படியே நின்றன.

சந்தனம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “நீ சொல்லுதது சரிதான் தாயி. ஒத்த வளையல்தான்.” பிறகு அன்னத்தாய் பக்கம் திரும்பினார். “இதுவும் உடையாது அன்னம். அம்மன் வாசல்ல ரெண்டு பக்கமும் துவாரபாலகி நிக்காகள்லா, அது மாதிரி பத்தாயிரத்து எட்டுக்கு ரெண்டு பக்கமும் உடையாத எண்ணு நிக்கி. ஆள எம்புட்டுக் கூட்டினாலும் கொறச்சாலும் சமமாப் பங்கு வராது. ஒரு வழிதான் இருக்கு. ஒன்ன நூல்ல ஏத்தாம நேரா அம்மனுக்குக் குடுத்துட்டா, மிச்சம் ஆளுக்கு நூத்தி முப்பத்தொம்பது சரியா நிக்கும்.”

“அப்பக் குடுங்க. நானே குடுத்துருதேன்.”

“உனக்கு நூத்தி நாப்பது ஆயிருமே.”

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அன்னத்தாய் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்பப் பூசாரியே எடுத்துக்கிடட்டும்.”

பூசாரி தவசிமுத்து வாசல்படியில் நின்றபடியே சொன்னார். “நான் எடுக்கது இல்லம்மா. பொம்பள கையால வரணும், நான் வாங்கிச் சாத்தணும். எங்க அய்யா காலத்துலருந்து அதுதான்.”

“அப்ப எந்தக் கைதாண்ணே குடுக்க?”

“கணக்குல இல்லாத கைதான்,” என்றார் சந்தனம். குனிந்து, கிழிந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இந்தக் கொட்டகையில் கணக்கில் இல்லாத பெண் ஒருத்திதான் இருந்தாள். எல்லோர் கண்ணும் அங்கே போனது. அன்னத்தாய் அவளை வெகுநேரம் பார்த்தாள். நூல் உருண்டையைப் பார்த்தாள். கோவில் வாசலைப் பார்த்தாள். அவள் போட்ட சட்டம்தான், அவளைத்தான் சுற்றி நிற்கிறது.

“மணியாவுது,” என்றாள் கடைசியில். “கைய நல்லாக் கழுவிட்டு வாட்டி.”

அன்றைக்கு அம்மனுக்கு எழுபத்திரண்டு மாலை ஏறியது. ஒன்றுக்கொன்று ஒரு நெல்லிடை கூட ஏறி இறங்கவில்லை. எல்லாம் சாத்தி முடித்த பிறகு முத்துப்பேச்சி வாசலில் போய் நின்று, ஒரே ஒரு பச்சை வளையலை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தாள். தவசிமுத்து வாங்கிக்கொண்டுபோய் அம்மனின் வலது மணிக்கட்டில் மாட்டினார். தீபம் காட்டும்போது அந்த ஒன்று தனியாக மின்னியது. பதினோரு வருஷமாக வளையல் என்றால் அவளுக்கு உடைகிற சத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்குத்தான் அது மாறியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அண்ணாச்சிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று தேடினாள். அவர் உண்டியல் பக்கத்தில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரின் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அம்மன் செயல், இந்த மனுஷனுக்கு என்ன தெரியும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசியில் மாரிசெல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. தையில் சந்தனம் கம்பெனியிலிருந்து நின்றார். கண் மங்கிவிட்டது. திருப்பூரில் இருக்கிற மகன் வந்து கூப்பிட்டான். இனி இந்தப் பக்கம் வருவது கஷ்டம் என்று அவரே சொன்னார். முத்துப்பேச்சி ஒரு தூக்குச்சட்டியில் புளியோதரை கட்டிக்கொண்டு, பேத்தியையும் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மகன் பையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த டிக்கெட்டக் கீழ வையிங்க அண்ணாச்சி. உடைஞ்சா என்ன, உடையாட்டா என்ன. ஊருக்குப் போற நேரத்துலயாவது மனுசர் மொகத்தப் பாருங்க.”

அவர் டிக்கெட்டை மடியில் வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அதன் கையில் இரண்டு கருவளையல் கிடந்தது. பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அந்த வளையலைப் பார்த்ததும் முத்துப்பேச்சிக்கு ஏதோ இடறியது. ஆட்டோ, ஆறு பெட்டி, காதில் ஏறாத பேச்சு.

“அண்ணாச்சி, அன்னைக்கு ஆட்டோவுல ரெண்டு பக்கமும் உடையாதுன்னு சொன்னீகள்ல? நேத்தே போட்டுப் பாத்துட்டேன்னீக. பொறவு எதுக்குக் கொட்டகையில அம்புட்டு நேரம் உக்காந்து மறுபடி வகுத்தீக?”

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. பிள்ளையின் விரலைக் கம்பியிலிருந்து மெள்ளப் பிரித்துவிட்டுக்கொண்டே சந்தனம் சொன்னார்.

“முனைக்கடையில கேட்டா ஒத்த வளையலும் குடுப்பாக, தாயி. நான் கேக்கல.”